‘இலவச’ விளம்பரத்தின் செலவை இறுப்பவர் யார்?

“சொல்லுக்கு இவ்வளவு எனப் பத்திரிகை முதலாளிகள் பணம் பெற்றுப் பிரசுரித்த சிறு விளம்பரங்களை இன்று இணையத்தளங்கள் காசின்றிப் பிரசுரிக்கின்றன. ஏகபோகத்தின் கோட்டையொன்று இடிந்துவிட்டது. இதற்கு முற்போக்காளர் மகிழாதிருப்பதேன்?” என ஆசிரிய நண்பரொருவர் அண்மையில் என்னோடு வாதிட்டார். இக்கருத்து அவர் ஒருவருடையதன்று. இடதுசாரிகள் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர் பலரிடமும் வேரூன்றிவிட்டது. ஆதலின் மறுத்தல் கடனாகிறது.

பத்திரிகை முதலாளிகளுக்காக நாம் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. அமெரிக்க நாளிதழ்கள் 2000ஆம் ஆண்டில் மட்டும் சிறு விளம்பரங்களால் 1,900 கோடி டொலருக்கு மேல் ஈட்டின. வேலை தேடியவனும் வீடு தேடியவனும் இறுத்த வரியே அது. பத்தாண்டுகளில் அவ்வருவாயில் மூன்றிலொரு பங்குகூட எஞ்சவில்லை. கிரெய்க்ஸ்லிஸ்ட் என்னும் ஒரு தளத்தினால் மட்டும் 2000 முதல் 2007 வரை விளம்பரதாரர் 500 கோடி டொலர் மிச்சப்படுத்தினர் என ரொபர்ட் சீமன்ஸ், பெங் சூ என்னும் ஆய்வாளர் இருவர் கணக்கிட்டுள்ளனர். நண்பரின் வாதத்தில் உண்மையிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயின் அவ்வருவாயிலிருந்தே நகரசபையின் ஊழலைத் தேடியெழுதிய நிருபனின் ஊதியமும் வந்தது என்பதை அவர் மறந்துவிடுகிறார்.

கிரெய்க்ஸ்லிஸ்டையே எடுத்துக்கொள்வோம். 1995இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் கிரெய்க் நியூமார்க் என்பவர் தொடங்கியது அது. பிற கொம்பனிகளின் பதாகை விளம்பரம் எதுவும் அதில் இல்லை. பின் செலவு எவ்வாறு ஈடுசெய்யப்பட்டது? சில நகரங்களில் வேலைக்கு ஆள் தேடும் முதலாளியிடமும், 2006 முதல் நியூயோர்க்கில் வாடகை வீட்டுத் தரகனிடமும் கட்டணம் வாங்கப்பட்டது. உள்ளவன் இறுக்க, இல்லாதவன் இலவசமாகப் பயன்படுத்துவது நியாயமான ஏற்பாடே. சில பத்து ஊழியரைக் கொண்டே அத்தளம் நாடு முழுவதற்கும் பணியாற்றியது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. பாலியல் சேவை விளம்பரங்களுக்கும் 2008 முதல் கட்டணம் விதிக்கப்பட்டது. விளம்பரஞ் செய்வோரை அடையாளங் காணவே கட்டணம் என்றார்கள். 2010இல் அதனால் வரும் வருவாய் 3 கோடி டொலரைத் தாண்டும் என ஒரு மதிப்பீடு கூறிற்று! கடத்தப்பட்ட பெண்களும் சிறுமியரும் அங்கே விலைபேசப்படுகின்றனர் என மாநிலச் சட்டமா அதிபர்கள் குற்றஞ்சாட்டிய பின்னரே, அவ்வாண்டு செப்டெம்பரில், அப்பகுதி மூடப்பட்டது. என் மேசையை இலவசமாக விற்றுத்தந்த தளத்தின் செலவில் ஒரு பங்கை இறுத்தவர் யார் என்பதை நண்பர் சிந்திப்பாராக.

இன்னொரு வகையினர் இருக்கின்றனர். இவர்கள் முதலில் யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. நட்டத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கி, போட்டியாளரை வீழ்த்தி, விற்போனும் வாங்குவோனும் வேறெங்கும் போகவியலாத நிலை வந்தபின் கட்டணத்தை நுழைப்பர். அத்தகைய நட்டத்தைத் தாங்கப் பெருமுதல் வேண்டும். 2006இல் தோன்றிய ஓஎல்எக்ஸ் தளத்தை 2010இல் கைப்பற்றியது தென்னாபிரிக்காவின் நாஸ்பர்ஸ் கொம்பனி. யார் இந்த நாஸ்பர்ஸ்? 1915இல் ஆபிரிக்கானர் தேசியவாதத்தின் குரலாகத் தொடங்கிய பத்திரிகை நிறுவனம். அதன் முதல் நாளிதழின் முதலாசிரியர் மலான். 1948இல் பிரதமராகி நிறவெறியை அரச கொள்கையாக்கிய அதே மலான்! அக்காலத்துப் பங்களிப்புக்காக அதன் பத்திரிகைப் பிரிவு 2015இல்தான் மன்னிப்புக் கேட்டது. அந்நிறுவனம் சீனாவின் டென்சென்ட் கொம்பனியில் 2001இல் இட்ட 3 கோடி 20 இலட்சம் டொலர், பின்னர் 10,000 கோடி டொலருக்கும் மேற்பட்ட சொத்தாயிற்று. இத்தகையோர் தரும் இலவசத்தைத்தான் நாம் ஜனநாயகம் என்று கொண்டாட வேண்டுமாம்.

கட்டணம் நுழையும் வழி நுட்பமானது. நண்பர் தமது பழைய மோட்டார்ச் சைக்கிளை விற்க ஒரு தளத்தில் விளம்பரஞ் செய்தார். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. முதல்நாள் விளம்பரம் மேலே நின்றது. புதியன வரவர அது கீழே தள்ளப்பட்டது; மூன்றாம் நாள் பத்துப் பக்கங்களைப் புரட்டினாலொழியக் காண இயலவில்லை. மீண்டும் மேலே ஏற்றப் பணம் கேட்டார்கள், கொடுத்தார். மறுநாள் வாகன வியாபாரிகளின் விளம்பரங்கள் அதனையும் தாண்டி ஏறின. மாதச் சந்தா செலுத்துவோரோடு ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியர் எவ்வாறு போட்டியிடுவார்? பிரசுரம் இலவசம், பிறர் கண்ணிற் படுவதற்கே விலை. பத்திரிகை முதலாளியாவது வாங்கிய காசுக்கு ஒருநாள் எல்லோர்க்கும் ஒரே எழுத்தில் அச்சிட்டான்.

மற்றைய சிறு தளங்கள் கூகிளின் விளம்பரங்களைத் தம் பக்கங்களில் ஒட்டிப் பிழைக்கின்றன. அங்கு நாம் எதைத் தேடுகிறோம் என்பதே சரக்கு.

“அப்படியாயின் பழைய பத்திரிகைக்கே திரும்புவதா?” என்பார் நண்பர். இல்லை. சில பத்துப் பேரைக் கொண்டு ஒரு பெருநாட்டுக்கே இப்பணியைச் செய்ய இயலுமென்றால், உண்மைச் செலவு சிறியது, எஞ்சியது இலாபம். ஊர்தோறும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. ஆசிரியர் சங்கங்களுக்குச் சந்தாப் பணமும், கணினி கற்ற இளைஞரின் பழக்கமும் உண்டு. வணிகரிடம் மட்டும் கட்டணம் பெற்று, திகதி வரிசையைப் பணத்துக்கு மாற்றாத ஒரு விளம்பரத்தளத்தை இவை கூடி ஏன் நடத்தக்கூடாது? நண்பரின் சங்கத்தினது அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவரும்படி அவரைக் கேட்டிருக்கிறேன். மோட்டார்ச் சைக்கிள் இன்னும் விலைபோகவில்லை.