எழுதி வைத்துப் பேசுவது பொய் அல்ல

ஜொகூர் பாருவில் நம்மவர் நடத்தும் நிறுவன விருந்து எதற்குப் போனாலும் இந்தப் பாராட்டு காதில் விழும்: “பாஸ் பேப்பரே பார்க்கல, மனசுல இருந்து பேசினாரு!” அதன் மறுபக்கமும் அதே மேசையில் வந்துவிடும்: “அந்த டத்தோவுக்கு யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க, அவரு வாசிக்கிறாரு, அவ்வளவுதான்.” காகிதம் இல்லாமல் பேசுகிறவர் உண்மையானவர், எழுதி வைத்துப் பேசுகிறவர் பொம்மை, எழுதிக் கொடுத்த ஆள் காசுக்குப் பொய் விற்கிறவன். இப்படித்தான் நம்மில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். தம்போயில் உட்கார்ந்து தொழிலதிபர்களுக்கும் நிறுவன மேலாளர்களுக்கும் உரை எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். இந்த நம்பிக்கை தவறானது. அதனால் அடிபடுகிறவர்களும் இருக்கிறார்கள். மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் தொழிலாளர்கள்தான் அவர்கள்.

ஆட்குறைப்பு உரையை எடுத்துக்கொள்வோம். தம்போய் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்று. ஓர் உற்பத்திப் பிரிவை மூடியே ஆக வேண்டிய நிலை. முதலாளி நல்ல மனிதர், பட்டறையில் கையில் எண்ணெய்க் கறையோடு தொடங்கி மேலே வந்தவர். “எழுதியெல்லாம் வேணாம் தம்பி, அவங்க என் ஆளுங்க, நான் மனசுல இருந்து பேசிக்கிறேன்” என்றார். சரி அண்ணே, எனக்கு ஒரு தடவை பேசிக் காட்டுங்கள் என்று கைப்பேசியில் பதிவை ஓடவிட்டேன். கண் கலங்கப் பேசினார். நடுவில், “யாரையும் நான் கைவிட மாட்டேன், கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க, திரும்பக் கூப்பிடுவேன்” என்றும் சொன்னார். பதிவைத் திரும்பப் போட்டுக் காட்டிவிட்டுக் கேட்டேன்: திரும்பக் கூப்பிடுகிற அளவுக்கு ஆர்டர் ஏதும் வரப்போகிறதா? வரப்போவதில்லை.

அந்த வாக்கியத்தில் கபடம் கிடையாது, பாசம்தான் இருந்தது. ஆனால் அதை நம்புகிற ஆள் வேறு வேலை தேட மாட்டார். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018 முதல் மலேசியாவில் நடைமுறையில் இருக்கிறது. வேலை இழந்த மலேசியத் தொழிலாளி 60 நாளுக்குள் அதில் விண்ணப்பிக்க வேண்டும். முதலாளி கூப்பிடுவார் என்று காத்திருப்பவருக்கு அந்த 60 நாளும் பேச்சின் ஈரம் காய்வதற்குள் ஓடிவிடும். மனசிலிருந்து வந்த ஒரு வரி, கேட்டவர் வீட்டில் மாதக்கணக்கில் உலையை அணைத்துவிடும்.

ஆகவே எழுதினோம். கடைசி வேலை நாள் எது என்பது முதல் வாக்கியம். அடுத்து முன்னறிவிப்புக் காலம்: இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்குக் குறைந்தது 4 வாரம், ஐந்து ஆண்டுக்குக் குறைவானால் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். அதன்பின் இழப்பீடு. ஓராண்டு நிறைந்தவர்களுக்கு, சேவைக்காலத்தைப் பொறுத்து, ஆண்டுக்கு 10 நாள், 15 நாள் அல்லது 20 நாள் சம்பளம் என்று 1980ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. பிறகு சொக்சோ, அந்த 60 நாள் கெடு, விண்ணப்பத்துக்கு யாரைப் பார்ப்பது என்கிற விவரம். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இந்தக் காப்புறுதி கிடையாது என்பதால் அவர்களுக்கான பகுதி தனி. முதலாளியின் வருத்தம் கடைசியில், நாலே வரியில். முதலில் அதைத்தான் முன்னால் வைக்கச் சொன்னார். அது உங்கள் வருத்தம் அண்ணே, அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது முதலில் வரட்டும் என்றேன். ஒத்துக்கொண்டார்.

இந்த உரை யாருடையது? எழுதியது என் கை. பொறுப்பு அவருடையது. ஒவ்வொரு வரிக்கும் அவர் தலையாட்டிய பிறகே அது உரையானது. நான் செய்ததெல்லாம் அவர் நினைத்ததைத் துருவி எடுத்ததும், அவரால் நிறைவேற்ற முடியாததை வெட்டியதும்தான். நல்ல உரை எழுத்தாளரின் வேலையில் பாதி வெட்டுவதுதான். “ஆயிரம் குடும்பத்துக்குச் சோறு போடுறோம்” என்று ஒருவர் சொன்னால், சம்பளப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதில் இருக்கும் எண்ணைப் போடச் சொல்லுவேன். யாரும் கேட்காவிட்டால் ஆயிரம் ஆயிரமாகவே மேடையேறும்.

காகிதம் பார்க்காமல் பேசுவதில் ஒரு வித்தை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அண்ணாவின் பேச்சைக் கேட்டு வளர்ந்த மொழி நம்முடையது. நாவன்மைக்கு மயங்குவது நம் இயல்பு. ஆனால் வித்தை வேறு, உண்மை வேறு. இதை நம் மரபே அறிந்திருக்கிறது. வள்ளுவர் சொல்வன்மையையும் அவையறிதலையும் அவையஞ்சாமையையும் அரசனுக்குரிய அரசியலில் வைக்கவில்லை, அமைச்சியலில் வைத்தார். அதே இயலில்தான் தூது என்கிற அதிகாரமும் இருக்கிறது. தூதன் பேசுவது அவன் சொந்தச் சரக்கா? அரசன் மனக்கருத்தை, கேட்கும் அவைக்கு ஏற்றபடி வடித்துச் சொல்வது ஒரு தனித் திறமை என்று அங்கே மதிப்பு கொடுத்திருக்கிறோம். இன்றைக்கு அதே திறமைக்குப் பொய் என்று பெயர் வைக்கிறோம்.

பிறர் பேச எழுதிக் கொடுப்பது நம் மரபுக்கு வெளியேயும் பழையதுதான். கி.மு. 400 வாக்கில் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் வழக்காடுகிறவர் தானே எழுந்து பேசியாக வேண்டும். பேச வராதவர்களுக்கு லிசியாஸ் என்பவர் எழுதிக் கொடுத்தார். அவர் அந்நகரத்துக் குடிமகன்கூட அல்லர், குடியேறிய குடும்பம். எளியவன் ஒருவனின் நியாயம் அவன் வாயாலேயே அவை ஏறுவதற்கு அவர் எழுத்து வழியானது. பேச வருகிறவனுக்கு மட்டுமே நியாயம் என்றால் அது என்ன நியாயம்?

மார்ட்டின் லூதர் கிங்கை எதிர்த்தரப்பு சாட்சியாகக் கொண்டுவருவார்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் அவர் காகிதத்தை விட்டு விலகிப் பேசிய “எனக்கு ஒரு கனவு உண்டு” பகுதிதான் உலகப் புகழ் பெற்றது, உண்மை. ஆனால் அந்த உரையின் தொடக்கப் பகுதிக்கு வரைவு எழுதியவர் அவருடைய வழக்கறிஞர் கிளாரன்ஸ் ஜோன்ஸ். காகிதத்தை விட்ட பிறகு வந்த அந்தக் கனவுப் பகுதியையும் கிங் அதே ஆண்டு ஜூன் மாதம் டெட்ராய்ட்டில் பேசியிருந்தார். உள்ளத்திலிருந்து அன்று திடீரெனப் பீறிட்டதாக நாம் கொண்டாடுவது, மேடையில் ஏற்கெனவே பழகிய சொல். இதனால் கிங் சிறுத்துப் போய்விட்டாரா? 2005இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவ் ஜாப்ஸ் பேசிய பட்டமளிப்பு உரையை நம் பிள்ளைகள் இன்னும் பார்க்கிறார்கள். அதை அவர் காகிதத்தைப் பார்த்தேதான் வாசித்தார்.

வெட்டச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1991 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், நகைக்கடைத் தொழிலதிபர் ஜெரால்டு ராட்னர், தன் கடைப் பொருள் ஒன்று இவ்வளவு மலிவாக இருப்பதற்குக் காரணம் அது குப்பை என்பதுதான் என்று வேடிக்கையாகச் சொன்னார். அவையில் சிரித்தார்கள். நிறுவனத்தின் சந்தை மதிப்பில் சுமார் 50 கோடி பவுண்டு கரைந்தது, அடுத்த ஆண்டு அவரே வெளியேற வேண்டியதாயிற்று, பிறகு நிறுவனம் பெயரையே மாற்றிக்கொண்டது. அந்த வரியை எடுங்கள் என்று சொல்லி, அதில் பிடிவாதமாக நின்று வெல்லக்கூடிய ஓர் ஆள் அவர் பக்கத்தில் இருந்திருந்தால் எத்தனை பேர் வேலை தப்பியிருக்கும்.

மக்களின் கோபத்தில் நியாயமான பகுதியும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பேசப்போகிறவரைப் பார்க்காமலே, போன ஆண்டு விருந்து உரையில் பெயரை மட்டும் மாற்றித் தருகிறவர்கள் உண்டு. இப்போது கணினியில் ஒரு வரி தட்டி, வருவதை அப்படியே அனுப்பிவிட்டுக் காசு கேட்கிறவர்களும் சேர்ந்துவிட்டார்கள். யாரும் வாழாத வாழ்க்கை, யாரும் பேசாத மொழி. அப்படிப்பட்ட உரையைக் கேட்டு அவை கொட்டாவி விடுவது சரியான தீர்ப்பு. ஆனால் அந்தக் கோபத்தை எழுதுவதன் மேலேயே காட்டினால் எப்படி? கேட்காமலே எழுதியதுதான் அங்கே குற்றம்.

இந்த நம்பிக்கையால் இன்னொரு கேடும் நடக்கிறது. உரை எழுதிக் கொடுப்பது வெட்கப்பட வேண்டிய காரியம் என்று வைத்திருப்பதால், முதலாளிகள் எங்களைப் பின்வாசல் வழியாகக் கூப்பிடுகிறார்கள். நிகழ்ச்சிக்கு முதல் நாள் இரவு வாட்சாப்பில் தகவல் வரும்: “நாலு பாரா போதும், காலையில வேணும்.” மேடையில் எந்த டான்ஸ்ரீ, எந்த டத்தோஸ்ரீ, யார் பெயர் முதலில் வர வேண்டும் என்றுகூடச் சொல்ல நேரமில்லை, உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் தர மாட்டார்கள். பிறகு உரை உயிரில்லாமல் இருக்கிறது என்று குறைப்படுவார்கள். கணக்காய்வாளரைக் கூப்பிட்டுக் கணக்கைச் சரிபார்ப்பதில் எந்த முதலாளிக்கும் வெட்கம் இல்லை. நூற்றுக்கணக்கானோர் முன்னால் சொல்லப்போகும் வாக்கைச் சரிபார்க்க ஆள் வைப்பதில் மட்டும் என்ன வெட்கம்?

அந்தத் தொழிற்சாலை உரை மலாய், தமிழ், நேப்பாளி மூன்றிலும் மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. எழுதி இருந்ததால்தான் ஒட்ட முடிந்தது. அடுத்த வாரம் இழப்பீட்டுக் கணக்கில் ஒருவருக்கு ஐந்து ஆண்டுச் சேவை நான்காகப் பதிவாகியிருந்தபோது, அவர் அலுவலகத்துக்குப் போய் அந்தத் தாளைக் காட்டிக் கேட்டார், ஐந்து ஆண்டு நிறைந்தவருக்குரிய 20 நாள் கணக்கில் வாங்கினார்.