சொரியாசிஸ்: இரண்டு சீட்டு, ஒரே உடம்பு

வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், சில நாட்களில் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிவிடும். அடுப்பு வேண்டாம், வேறு சரக்கும் வேண்டாம். சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்று சொல்லும் சொரியாசிஸுக்கு அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவில் வழக்கமாகக் கொடுக்கும் மேல்பூச்சு இதுதான். சென்னையிலுள்ள மத்திய சித்த ஆராய்ச்சி நிலையத்தில் மருத்துவர் ஜே.ஆர். கிருஷ்ணமூர்த்தி இதை ‘777 எண்ணெய்’ என்ற பெயரில் உருவாக்கினார்.

அந்த ஊதா நிறத்துக்குக் காரணம் இருக்கிறது. அவுரிச் சாயத்தோடு உறவுள்ள இண்டிருபின் போன்ற பொருட்கள் வெட்பாலை இலையிலும் உண்டு. அவுரி கடலூர்ப் பக்கத்துக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் கடலூரை உள்ளடக்கிய தென்னாற்காடு மாவட்டம் அந்தச் சாயத்துக்குப் பெயர் பெற்றிருந்தது. சீன மருத்துவத்தில் இதே சாயப்பொடியைத் தோல் நோய்க்குப் பூசுவார்கள். தைவான் மருத்துவர்கள் அதைக் களிம்பாக்கி, 42 சொரியாசிஸ் நோயாளிகளிடம் 12 வாரம் சோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் களிம்பு பூசிய இடத்தைவிடச் சாயக்களிம்பு பூசிய இடத்தில் செதிலும் சிவப்பும் தடிப்பும் நன்றாகவே குறைந்திருந்தன. விட்டிலிகோ என்னும் வெண்புள்ளிக்கு ஆயுர்வேதம் காலங்காலமாகப் பயன்படுத்தும் கார்போகரிசியின் கதையும் இப்படித்தான். அதிலுள்ள சோராலெனின் இனத்தைச் சேர்ந்த பொருளை உள்ளுக்குக் கொடுத்து, புற ஊதா ஒளியைப் பாய்ச்சும் முறை 1974இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்தபோது சொரியாசிஸ் சிகிச்சையே மாறிப்போனது.

இவ்வளவும் தெரிந்த பிறகு நாட்டு மருந்தைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கித் தள்ளுவது நியாயமில்லை. அதே நேரத்தில் இன்னொரு செய்தியையும் மறைக்கக் கூடாது. பெருங்குடல் அழற்சிப் புண்ணுக்காக இந்தச் சாயப்பொடியை உள்ளுக்குச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு நுரையீரல் தமனியில் இரத்த அழுத்தம் ஏறியதைக் கண்டு, ஜப்பான் அரசு 2016இல் எச்சரிக்கை விடுத்தது. தோலில் பூசும்போது நல்லது செய்த பொருள் வயிற்றுக்குள் போனதும் வேறு மாதிரி நடந்துகொண்டது.

சொரியாசிஸ் தொற்றுநோய் அல்ல. உடம்பின் நோய் எதிர்ப்பு ஏற்பாடு தன் தோல் மீதே திரும்புவதால் வருவது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டிய தோல், சில நாட்களிலேயே அவசரமாக வளர்ந்து, செதில் செதிலாக உதிர்கிறது. தோலோடு நிற்பதுமில்லை. பத்து நோயாளிகளில் மூன்று பேருக்கு வரை மூட்டுகளும் பாதிக்கப்படலாம். இந்தியாவில் நூற்றுக்கு 0.44 முதல் 2.8 பேருக்கு இந்த நோய் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. கடலூர் மாவட்டத்தின் 26 லட்சம் மக்களுக்கு மிகக் குறைந்த கணக்கைப் போட்டாலும் பதினோராயிரம் பேருக்கு மேல் வரும். கல்யாணப் பந்தியில் ஒதுங்கி உட்காருபவர்களும், வெக்கையிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாதவர்களும் இவர்களில் இருக்கிறார்கள். உலக சுகாதார மாமன்றம் 2014இல் இந்த நோய்க்கென்றே ஒரு தீர்மானம் நிறைவேற்றி, ஒதுக்கிவைத்தலை ஒழிக்கச் சொன்னது.

நோய் வரும், அடங்கும், மறுபடி வரும். ஆயுர்வேதமும் சித்தமும் உண்மையாக உதவுவது இந்த நீண்ட பாதையில்தான். சரக சம்ஹிதை தோல் நோய்களைப் பதினெட்டாகப் பிரித்தது. அவற்றில் ஏககுஷ்டமும் கிடிபமும் சொரியாசிஸுக்கு நெருக்கமானவை என்று இன்றைய வைத்தியர்கள் கருதுகிறார்கள். உள்ளுக்குக் கசப்பு மூலிகை சேர்த்துக் காய்ச்சிய நெய், பேதி, தலைக்கு மோர்த் தாரை, தினமும் எண்ணெய், தூக்கம், மனக் கவலைக்கு ஒரு வடிகால் என்று சிகிச்சை மாதக்கணக்கில் போகும். எல்லாவற்றுக்கும் இன்றைய அளவுகோலில் சான்று இல்லை. ஆனால் தோலைக் காயவிடாமல் வைத்திருப்பதும், உடல் எடையைக் குறைப்பதும், மதுவையும் புகையையும் விடுவதும், மன அழுத்தத்தைத் தணிப்பதும் நோயை அடக்க உதவும் என்பதில் தோல் மருத்துவர்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பும் புறநோயாளிப் பிரிவில் இதையெல்லாம் பேச நேரம் ஏது? வைத்தியர் உட்கார வைத்துக் கேட்கிறார். அந்த நேரமே மருந்தில் பாதி.

பத்தியம்தான் கடலோரத்தில் சிக்கலான விஷயம். கத்தரிக்காய், கருவாடு, மீன் எல்லாம் கரப்பான் பண்டம், தொடவே கூடாது என்று சொல்லிவிடுகிறார்கள். தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் மீனை விடச் சொல்வது, வீட்டில் கிடைக்கும் மலிவான புரதத்தை விடச் சொல்வது. மீன் சாப்பிட்டால் சொரியாசிஸ் கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஒருவருக்கு ஒரு பண்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால் அதை மட்டும் நிறுத்தட்டும். கொழுப்பேறிய உடம்புள்ளவருக்குப் பரோட்டாவையும் குடியையும் நிறுத்தும் பத்தியம் கருவாட்டை நிறுத்துவதைவிட அதிகம் பயன் தரும்.

இனி, ஆபத்தான இடத்துக்கு வர வேண்டும். ‘இங்கிலீஷ் மருந்தை இன்றோடு நிறுத்திவிடு’ என்ற ஒரு வாக்கியம் பல நோயாளிகளைப் படுக்கையில் தள்ளியிருக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருப்பவர் திடீரென்று நிறுத்தினால், உடம்பு முழுவதும் சிவந்து, சீழ்க் கொப்புளம் வெடித்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போதும் ‘மருந்து நோயை வெளியே தள்ளுது’ என்று ஆறுதல் சொல்லிக் காத்திருக்க வைக்கிறார்கள். அது தள்ளுவதல்ல, நோய் முற்றுவது. சொரியாசிஸுக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டிய மாத்திரை; அதைத் தினமும் விழுங்கினால் உயிர் போகலாம். அந்த மாத்திரை சாப்பிடுபவர், கல்லீரலைத் தொடும் வேறு சூரணத்தையும் சேர்த்துச் சாப்பிடுகிறாரா என்பது தோல் மருத்துவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் திட்டுவார் என்ற பயத்தில் நோயாளி சொல்வதில்லை. ஆங்கில மருத்துவத்தின் பக்கமும் சுத்தமில்லை. 2018இல் 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு கட்டுப்படுத்திய பிறகும், மருந்துக் கடையில் கேட்டால் கொடுத்துவிடும் பழக்கம் ஒழியவில்லை.

பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்ததாக 2004இல் ஓர் ஆய்வு சொன்னது. ஊர் பேர் இல்லாத பொட்டலத்தை வாங்குபவர்கள் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு இது. நம் வைத்திய மரபே இந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பானது. பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் பெண்களின் கை தோலெண்ணெய் பட்டுக் கறுத்து வெந்துபோவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். சேராங்கொட்டையும் முந்திரியின் குடும்பம்தான். அதன் பாலும் தோலைப் பொசுக்கும். ஆனாலும் அதைத் தோல் நோய்க்கே மருந்தாக்கிய வைத்தியர்கள், சுத்தி செய்யாமல் கையால் தொடக்கூட அனுமதித்ததில்லை. சந்தையில் நின்று ‘மூலிகைதானே, பக்க விளைவே கிடையாது’ என்று கூவி விற்பவர் அந்த மரபைச் சேர்ந்தவர் அல்லர்.

இரண்டு மருத்துவமும் ஒரே கூரையின் கீழ் உட்கார முடியுமா என்ற கேள்விக்குக் காசர்கோடு பதில் வைத்திருக்கிறது. அங்குள்ள பயன்பாட்டுத் தோலியல் நிறுவனத்தில் மருத்துவர் எஸ்.ஆர். நரஹரி, யானைக்கால் வீக்கத்துக்குத் தோல் மருத்துவம், ஆயுர்வேதம், யோகா மூன்றையும் இணைத்தார். காலைக் கழுவித் துடைப்பது, மூலிகைக் குளியல், எண்ணெய், மூச்சுப் பயிற்சி, இறுக்கக் கட்டு, தொற்று வந்தால் ஆன்டிபயாட்டிக் என்று எல்லாம் ஒரே திட்டத்தில் வரும்; என்ன கொடுத்தார்கள், கால் எவ்வளவு வற்றியது என்று அளந்து எழுதியும் வைப்பார்கள். கடலூர் மாவட்டம் யானைக்காலை நன்கு அறியும். தமிழ்நாட்டில் யானைக்கால் மாத்திரையை ஊருக்கே கொடுக்கும் திட்டம் 1996இல் சோதனையாகத் தொடங்கியதே இங்குதான். அந்த நோயில் முதலில் செயல்பட்ட மாவட்டம் சொரியாசிஸிலும் அப்படிச் செய்யலாம்.

புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. கடலூர் தலைமை மருத்துவமனை இருக்கிறது. 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இப்போது அரசின் கையிலுள்ள கல்லூரி சிதம்பரத்தில் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், ஒரே மணி நேரத்தில், ஒரே அறையில் தோல் மருத்துவரும் சித்த மருத்துவரும் சொரியாசிஸ் நோயாளிகளைச் சேர்ந்து பார்க்கட்டும். இரண்டு சீட்டுக்குப் பதிலாக ஒரே நோட்டு இருக்கட்டும்: மெத்தோட்ரெக்சேட் எந்தக் கிழமை, தைலம் எத்தனை வேளை, பேதி மருந்து எப்போது, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனையின் முடிவு என்ன, மூட்டு வலிக்கிறதா என்று எல்லாம் அதில் ஏறட்டும். சித்தா பிரிவு உள்ள கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அந்த நோட்டைக் காட்டித் தைலம் வாங்கிக்கொள்ள வழி செய்தால், காட்டுமன்னார்கோவிலிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறுபவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும்.