பாறையில் ஒரு பாதம்

கடம்பூர் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் நமக்குப் போளியின் ஞாபகம் வந்துவிடுகிறது. பெரும்பாலோருக்கு அந்தச் சீமையின் மகிமை அத்துடன் முடிந்தும் விடுகிறது. ஆனால் கரிசல் காட்டின் வழியே வடமேற்காகச் சென்றால் கழுகுமலை இருக்கிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய நம்மவர் கையெழுத்தை அங்கே பாறையில் காணலாம்.

பாரஸீகத்திலும் இப்படி ஒரு பாறை உண்டு. கி.மு. 520-ஐ ஒட்டி, டேரியஸ் சக்கரவர்த்தி பெஹிஸ்துன் மலையில் தம் வெற்றிகளை மூன்று மொழிகளில் பொறித்தார். ஒரே ஆண்டில் 19 போர்கள் புரிந்து 9 அரசர்களைப் பிடித்தாராம்! சிற்பத்தில் அவருடைய பாதம் வீழ்ந்த பகைவன் மார்பின்மேல் ஊன்றியிருக்கிறது; மற்றப் பகைவர்கள் கழுத்தில் கயிற்றோடு நிற்கிறார்கள். இவ்வளவும் கீழே நிற்பவர் படிக்க முடியாத உயரத்தில்! 1835-ஆம் ஆண்டில் தொடங்கி ராலின்ஸன் என்ற ஆங்கிலேயர் உயிரைப் பணயம் வைத்து ஏறி அதைப் பிரதி எடுத்தார்.

கழுகுமலையிலோ, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் பெயர் இருந்தாலும், பாறை அவனுக்கு மட்டும் சொந்தமன்று. சமணத் திருமேனிகளின் கீழே வட்டெழுத்தில் ஏறக்குறைய நூறு சிறு சாஸனங்கள். இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் இன்ன ஊர், இன்னார் என்பதே செய்தி. குரத்திகள் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் அவர்களுடைய மாணாக்கியரும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். கோட்டாற்றிலிருந்து நெடுவழி வந்தவர்களும் இருக்கிறார்கள்.

நம் அரசர்கள் தற்புகழ்ச்சியில் இளைத்தவர்கள் அல்லர், மெய்க்கீர்த்திகளே சாட்சி. சாஸனத்தை அழிப்பவனை டேரியஸ் சபித்தது போலவே நம்மவரும் சபித்திருக்கிறார்கள். ஆனால் தமிழ்ச் சாஸனங்கள் பலவற்றின் முடிவில் வேறொரு வாசகமும் வரும்: இந்த அறத்தைக் காப்பவனுடைய பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்பது அதன் பொருள். அங்கே அரசனின் பாதம் பகைவன் மார்பில். இங்கே இனிப் பிறக்கப்போகும் யாரோ ஒருவருடைய பாதம், கொடுத்தவன் தலையில்!

அந்த யாரோ ஒருவர் நாம்தான். நாம் காக்கிறோமா? பழம் பாறைகளில் ஆணியாலும் சாயத்தாலும் தம் பெயரைக் கிறுக்கி அமரத்துவம் தேடும் வீரர்களுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. வட்டெழுத்தில் ஓர் எழுத்தையேனும் அறிந்த குழந்தை நம் வீடுகளில் எத்தனை?

அடுத்த முறை கடம்பூரில் இறங்கும் நேயர்கள் போளிப் பொட்டலத்தோடு குழந்தைகளையும் கழுகுமலைக்கு அழைத்துச் செல்லட்டும். நம் பாதத்தைத் தலைமேல் ஏற்றவர்களின் பெயரை ஒரு முறையாவது வாய்விட்டுப் படிப்போம்.