கூடை இல்லாமல் ஒரு நடை



பெப்ரவரி மாதத்துப் போயா விடுமுறையன்று எங்கள் மாதர் குழுவில் பதினொரு பேர் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையோரமாக நடந்து வந்தோம். சுற்றுலா என்றதும் கதிர்காமம், திருகோணமலை என்று வேன் பிடித்துப் போவதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நடக்கத்தான் போகிறோம் என்றபோது ஒரு பெரியம்மா கேட்டுவிட்டார்:

"வெள்ளன எந்திரிச்சு மலை ஏறி எறங்குறது போதாதா புள்ள? லீவு நாளுலயும் நடக்கணுமா?"

நியாயமான கேள்வி. அவருக்கு 58 வயது. பிறந்தது, வாக்கப்பட்டது, பேரப்பிள்ளை கண்டது எல்லாம் அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும் தோட்டத்தில். ஆனால் ஒருநாளும் கரைக்கு இறங்கிப் போனதில்லையாம். கொழுந்து எடுக்கும்போது கீழே பளபளவென்று தெரியும், அவ்வளவுதான். ஆகவே உள்ளூரில் இருந்தாலும் நாங்களும் முதல் தடவை வந்தவர்கள்தான்.

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் டிக்கோயாவுக்கு வந்து அங்கிருந்து நடந்தோம். பாதை பெரும்பாலும் மட்டமாகவே போகிறது. 1878இல் கட்டப்பட்ட வார்லி தேவாலயம் தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிறது. கல்லால் ஆன சின்னக் கோயில். சுற்றிலும் வெள்ளைக்காரத் துரைமாரின் கல்லறைகள், பெயரும் ஆண்டும் வெட்டப்பட்டவை. எங்கள் முன்னோரின் புதைகுழிகளுக்கு மேல் தேயிலைதான் நிற்கிறது என்று ஒரு தங்கச்சி சொன்னாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

காலை ஒன்பது மணிக்கு முன்பே போய்விட வேண்டும். வானம் தெளிந்திருந்தால் தண்ணீருக்கு அப்பால் சிவனொளிபாதமலை தனியாக நிமிர்ந்து நிற்பது தெரியும். மதியத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்க்கரைகூடத் தெரியாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் வழுக்கலும் அட்டையும்தான்.

அட்டைக்குச் சவர்க்காரம் பூசுவதையும், குளவிக்கூடு தொங்கும் மரத்தடியில் நிற்கக் கூடாது என்பதையும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொழும்பிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி வையுங்கள். அவர்கள் படம் பிடிக்கிற ஆசையில் எங்கு வேண்டுமானாலும் போய் நிற்பார்கள். குளவி கொட்டினால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கரையோரச் சேறு மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே கால் புதையும். பிள்ளைகளைக் கையில் பிடித்துக் கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கி தராத படகில் ஏறவே வேண்டாம்.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் எழுதுகிறேன். கரைப்பாதையில் மலசலகூடம் கிடையாது. ஹட்டனிலேயே போய்விட்டு வரவேண்டும். "மலையில நாள் பூரா அடக்கி வச்சுப் பழகுனதுதானே" என்று எங்கள் குழுவில் ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் குடித்தால் போகவேண்டி வருமே என்று குடிக்காமலே நடந்தவர்கள் மூன்று பேர். ஒருத்திக்குத் தலைசுற்றல் வந்து பாதையோரத்தில் உட்கார வைத்தோம். தண்ணீர் குடியுங்கள், தோழியரே. மாதவிடாய் நாளாக இருந்தால் மாற்றுத் துணியும் ஒரு பையும் கொண்டு வாருங்கள்.

வழியில் ஒரு வளைவில் காவற்காரர் ஒருவர் எங்களை மறித்தார். "எந்தத் தோட்டம்? என்ன வேலையா வந்தீங்க?" என்று கேள்வி. எங்களுக்கு முன்னால் முதுகில் பை போட்ட இரண்டு வெளிநாட்டவர் போனார்கள். அவர்களிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டார். "வேலையா வரல தம்பி. பாக்க வந்தோம்." அவர் விலகி வழிவிட்டார்.

அந்த வெளிநாட்டவர் நடப்பது பெரும்பாலும் 'பிக்கோ' நடைபாதையில்தான். கண்டி ஹந்தானையில் தொடங்கி நோர்வூட், பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல எனச் சுற்றி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை அது, 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எங்கள் பாட்டன் பூட்டன் வெட்டிய தோட்டத்து றோட்டுகளாகத்தான் இருக்கும்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நுவரெலியா கிரகரி வாவி போதும். ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல் அமைந்தது. ஏற்றம் இறக்கம் இல்லை. பூங்காப் பகுதிக்குள் போக நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும், பதுளை வீதிப் பக்கம் வாகனங்கள் அதிகம். ஏப்ரல் சீசனில் சனக்கூட்டத்தைத்தான் பார்க்கலாம், வாவியை அல்ல.

திரும்பும் வழியில் மர நிழலில் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். கெசல்கமு ஓயாவை மறித்து 1965இல் இந்த அணையைக் கட்டினார்கள், இந்தத் தண்ணீரில்தான் விமலசுரேந்திர நிலையத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். "எங்க லயத்துக்கு கரண்டு வந்தப்போ எனக்கு மூணு புள்ளைங்க பொறந்தாச்சு" என்றார் பெரியம்மா. பிறகு தன் தாயைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அவருடைய தாய் பழைய மஸ்கெலியாப் பக்கத்தவர். 1969இல் மவுஸ்ஸாகலை அணை கட்டப்பட்டபோது அந்தப் பழைய நகரம் தண்ணீருக்குள் போய்விட்டது. இன்றைய மஸ்கெலியா மேலே புதிதாக எழுந்தது. வறட்சியில் தண்ணீர் வற்றும்போது மூழ்கிய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தலைகாட்டும். அந்தக் கோயில் திருவிழாவில் வளையல் வாங்கிய கதையைத் தாய் சாகும்வரை சொன்னாராம். "அம்மா சொன்ன எடத்த நான் ஒரு தடவகூடப் பாக்கல."

பஸ்ஸில் ஏறியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அடுத்த போயாவுக்கு மஸ்கெலியாவா புள்ள? தண்ணி வத்தியிருக்குமா? மருமகளையும் கூட்டியாறேன்."

மார்ச் மாதத்தில் மழை பிந்தினால் வற்றும். போயாவுக்கு முதல்நாள் மஸ்கெலியாவில் இருக்கும் தோழி ஒருவரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுவதாக இருக்கிறோம். வர விரும்புபவர்கள் தண்ணீர்ப் போத்தலுடன் காலை ஏழு மணிக்கு ஹட்டன் பஸ் நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.