ஒற்றைக் குண்டின் மேல் ஊர்ப்பழி

கும்மிடிப்பூண்டிப் பக்கம் பறவைகளைப் பற்றிப் பேச்செடுத்தால், அடுத்த வார்த்தையிலேயே நரிக்குறவர் வந்துவிடுவார். "அவங்க சுட்டுத் தின்னது போக மிச்சம் என்ன இருக்கு?" என்று முடித்துவிடுவார்கள். டீக்கடையிலும் இதே தீர்ப்பு, படித்தவர்கள் கூடும் இடத்திலும் இதே தீர்ப்பு. இது பிழையான தீர்ப்பு. பிழை என்பதைவிட, பலருக்கும் வசதியான தீர்ப்பு. பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரும் கூண்டில் ஏற வேண்டியதில்லை அல்லவா?

முதலில் அவர்கள் கையில் இருக்கும் நாட்டுத் துப்பாக்கியைப் பாருங்கள். குழல் வாயில் கரிமருந்தைக் கொட்ட வேண்டும். துணியோ நாரோ திணித்துக் கம்பியால் இடிக்க வேண்டும். பிறகு பால்ரஸ் குண்டுகளைப் போட்டு மறுபடி அடைக்க வேண்டும். கேப் வைத்துக் குதிரையை இழுத்தால் ஒரு வெடி. அந்த ஒரு வெடிச் சத்தத்தில் கழனியில் இருக்கும் மற்ற பறவைகள் எல்லாம் எழும்பிப் போய்விடும். அடுத்த வெடிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். மருந்து ஈரம் பட்டால் அன்றைய வேட்டையே இல்லை. இதைக் கொண்டு ஒரு மாவட்டத்தின் பறவைகளைத் தீர்த்துவிட்டார்கள் என்று நம்ப, கணக்கு தெரியாதவராக இருக்க வேண்டும்.

துப்பாக்கியால் பறவைகள் அழிந்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1938 நவம்பர் 12 அன்று பரத்பூரில் வைஸ்ராய் லின்லித்கோவும் அவருடைய விருந்தினர்களும் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். அந்தக் கணக்கைப் பெருமையாகக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள். வட அமெரிக்காவில் கோடிக்கணக்கில் பறந்த பயணிப் புறாவின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் செத்தது. துப்பாக்கியோடு ரயிலும் தந்தியும் பெருநகரச் சந்தையும் சேர்ந்துதான் அந்த இனத்தை முடித்தன. அதிகாரமோ பெரும் சந்தையோ பின்னால் நிற்கும்போதுதான் துப்பாக்கி ஓர் இனத்தையே விழுங்கும். சாலையோரம் நாலு காடை விற்கும் நரிக்குறவருக்குப் பின்னால் எந்த வைஸ்ராய் நிற்கிறார்?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போடக்கூடிய பெரிய வேட்டைக் கைத்துப்பாக்கிகள் விற்கிறார்கள். 1967இல் வந்த தாம்சன் சென்டர் கன்டென்டர் அவற்றில் பேர்பெற்றது. ஒரு குண்டுதான், தப்பினால் விலங்குக்கு வாழ்வு; அதுதான் வேட்டைக்காரனின் ஒழுக்கம் என்று அதை விரும்பி வாங்குகிறவர்கள் சொல்வார்கள். பணம் உள்ளவன் விரும்பி ஏற்றால் ஒற்றைக் குண்டு நெறியாகிவிடுகிறது. பணம் இல்லாதவனிடம் அதைத் தவிர வேறில்லை என்றால் அதுவே காட்டுமிராண்டித்தனம்!

சரி, பறவைகள் எங்கே போயின? அவை இருந்த இடம் எங்கே போனது என்று கேளுங்கள். இந்தப் பக்கத்துத் தேர்வாய்கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் நிலமும் குறுங்காடும் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போயின. ஊர் மக்கள் போராடியும் நிற்கவில்லை. அந்தப் புதர்களை நம்பி இருந்த கௌதாரிக்கும் காடைக்கும் முயலுக்கும் எந்தக் குண்டும் தேவைப்படவில்லை. பொக்லைன் போதுமானதாக இருந்தது. கிழக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்தை மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து வந்திருக்கிறார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது.

பழவேற்காடு நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே வரும் பூநாரை ஆழம் குறைந்த சேற்றைத் துழாவித் தின்னும் பறவை. முகத்துவாரம் அடைபட்டு நீரின் மட்டமும் உப்பும் மாறினால் தீனி போய்விடும். தீனி போனால் பறவையும் போய்விடும். இதே பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வெடிமருந்து ஆலையே நடத்தினார்கள். அத்தனை கரிமருந்தையும் பார்த்த பிறகும் இந்த ஏரிக்குப் பூநாரை வந்துகொண்டுதான் இருந்தது.

சட்டமும் ஊர்ப் பேச்சின் பக்கமே சாய்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி பறவையைச் சுட்டால் சிறை உண்டு. 2022 திருத்தம் பொதுவான குற்றங்களுக்கான அபராத உச்சத்தை 25,000 ரூபாயிலிருந்து 1 லட்சமாக உயர்த்தியது. அடுத்த ஆண்டே வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறுவோருக்கு இருந்த 5 ஆண்டு வரையிலான சிறையை எடுத்துவிட்டு, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியது. அபராதத்தைக் கட்டாமல் விட்டால்தான் சிறைப் பேச்சு. கொக்கைச் சுட்டவனுக்குக் கம்பி எண்ணும் தண்டனை. கொக்கு நிற்கும் நீரைக் கெடுத்தவனுக்கு ரசீது.

"அப்படியானால் சுடட்டும் என்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. சரணாலயத்தில் சுடுவது குற்றம்தான். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி, வைத்திருப்பவரின் கையையே பறிக்கக்கூடியது. ஆயுதச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் சின்னக் குற்றத்தைக் காட்டிப் பெரிய குற்றத்தை மறைக்கும் வழக்கம் வேண்டாம். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் ஒப்புதல் தந்தது. எந்தப் பறவை எந்த மாதம் எந்த ஏரிக்கு வரும் என்று தலைமுறையாக அறிந்த அவர்களைப் பறவைக் கணக்கெடுப்பில் சம்பளம் கொடுத்துச் சேருங்கள். புதிய ஆலைக்கோ துறைமுகத்துக்கோ பொது விசாரணை நடந்தால், அவர்களையும் மேடையேற்றிக் கேளுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் எந்தத் தாங்கலில் என்ன பறவை இருந்தது, இன்று அங்கே எந்த ஆலை நிற்கிறது என்று அவர்கள் பேர் சொல்லிச் சொல்வார்கள். பழியை யார் மேல் போடுவது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.