நோட்டுல ஓடுற பைத்தான்

பூந்தமல்லியைத் தாண்டி எங்க ஊர். மக பிளஸ் டூ, கணினி அறிவியல். ராத்திரி மோட்டாரை நிறுத்திட்டு வந்து பார்த்தா, பைத்தான் புரோகிராமை நோட்டுல எழுதி எழுதி மனப்பாடம் பண்றா. வீட்டுல கம்ப்யூட்டர் இல்லை. வரியைத் தள்ளி எழுதுறதுல ஒரு இடைவெளி பிசகினாலே மெஷின் பிழைன்னு நின்னுடுமாம். நோட்டு நிக்குமா?

எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீடு 10. அதனால மனப்பாடத்துலயே பாஸாகிடுவா. அதுதான் எனக்குப் பயம். வரப்புல உட்கார்ந்து நாத்து நடக் கத்துக்க முடியுமா? (நான் பத்தாவதோட நின்னவன், தப்பா இருந்தா சொல்லுங்க.)

பரீட்சை முடியிற வரைக்கும் பள்ளிக்கூட லேபைச் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் திறந்து வைக்கணும். உங்க அலமாரியில பழைய லேப்டாப் கிடந்தா, பக்கத்து அரசுப் பள்ளியில ஒரு வார்த்தை கேளுங்க.