கதிர் முற்றும் காலத்தில் கல்வெட்டு வாசிப்போம்

காவிரிப் படுகையில் குளிர்காலம் நினைவு நாட்களின் காலம். ஐப்பசி சதயத்தன்று தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழனுக்குப் பிறந்தநாள் எடுக்கிறோம். 2022இல் அது அரசு விழாவாகவும் அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் செங்கொடிகளோடு கூட்டம் கூடுகிறது. 1968இல் அதே தேதியில் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேருக்கு அஞ்சலி. மறுநாள் நாகப்பட்டினம் கடலோர ஊர்கள் 2004 சுனாமியில் போனவர்களை நினைத்துக் கடலில் மலர் தூவி அழுகின்றன. புஷ்ய பகுள பஞ்சமி வந்தால் திருவையாற்றில் தியாகராஜருக்கு ஆராதனை. மூன்று மாதத்துக்குள் ஒரு பேரரசன், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்கள், அலை கொண்டுபோன மீனவக் குடும்பங்கள், உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்த ஒரு வாக்கேயக்காரர் என்று இத்தனை பேரையும் இந்த மண் நினைத்துப் பார்க்கிறது.

இதில் எந்த நாளும் குறையக் கூடாது. என் ஆதங்கம் வேறு. நினைவுகூர இவ்வளவு நன்றாகத் தெரிந்த வட்டாரத்தில், அந்த நினைவுக்கு ஆதாரம் தேடிச் சேர்க்கிற பழக்கம் ஊர் மட்டத்தில் அற்றுக்கொண்டிருக்கிறது. சதய விழாவில் ராஜராஜன் சிலைக்கு மாலை விழுகிறது. சில நூறு அடி தள்ளிக் கோயிலின் அதிட்டானம் முழுக்க அவன் வெட்டுவித்த எழுத்து நிற்கிறது. அதை விரல் வைத்துப் படிக்க ஒரு மாலை நேரம்கூட யாரும் ஒதுக்குவதில்லை.

பனி கொட்டும் நாடுகளில் வட்டார வரலாற்றுக் கழகங்களுக்குக் குளிர்காலம்தான் வேலைக்காலம். வயலில் வேலை இராது. மக்கள் ஒரு கூடத்தில் கூடிப் பழைய கடிதங்களையும் படங்களையும் விரித்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். நமக்குப் பனி இல்லை, சம்பா இருக்கிறது. புரட்டாசியில் நட்டு, ஐப்பசி கார்த்திகை மழையில் தப்பிக் கரையேறிய பயிர், மார்கழியில் கதிர் வாங்கிப் பால் பிடிக்கும். களையெடுப்பும் மேலுரமும் முடிந்திருக்கும். அறுப்புக்குத் தை பிறக்க வேண்டும். இந்த இடைவெளியில்தான் டெல்டாக்காரருக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம். பள்ளிகளுக்கும் அரையாண்டு விடுமுறை. கோயில்கள் விடிகாலையிலேயே திறந்திருக்கும். ஊர் வரலாற்றுக்கு இதைவிட நல்ல பருவம் வாய்க்காது.

இந்த வேலையை நாம் வெளியாரிடம் கற்க வேண்டியதில்லை. 1911 மே 14ஆம் நாள் தஞ்சையை ஒட்டிய கரந்தட்டான்குடியில் கரந்தைத் தமிழ்ச் சங்கம் தொடங்கியது. தோற்றுவித்தவர் இராதாகிருட்டிணப் பிள்ளை. அதைக் கட்டி எழுப்பியவர் வழக்கறிஞர் தமிழவேள் உமாமகேசுவரனார். அதற்கு மறு ஆண்டே ஆபிரகாம் பண்டிதர் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைக் கூட்டி, வித்துவான்களை ஒரே பந்தலில் உட்காரவைத்துச் சுருதியைப் பற்றி வாதிட வைத்தார். ஒருவர் வக்கீல், மற்றவர் சித்த மருத்துவர். சர்க்கார் சம்பளத்துக்கு ஆராய்ச்சி செய்தவர் யாரும் அந்தக் கூட்டங்களை நடத்தவில்லை. 1925 முதல் கரந்தைச் சங்கம் ‘தமிழ்ப்பொழில்’ என்ற இதழையும் நடத்தியது.

அந்தச் சங்கம் இந்த மண்ணுக்குச் செய்த பேருதவி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலாம் ராஜேந்திரனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது 1020 அளவில், பொறிக்கப்பட்ட பெரும் செப்பேட்டுத் தொகுதி அதன் கைக்கு வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஏடுகள். பல ஊர்களை ஒன்றாகச் சேர்த்துத் திரிபுவனமகாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமணர்களுக்குக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. காம்போச மன்னன் ராஜேந்திரனுக்குத் தேர் அனுப்பிய செய்தியும் இருக்கிறது. இன்று உலகெங்கும் உள்ள சோழ வரலாற்று ஆய்வாளர்கள் அதைக் கரந்தைச் செப்பேடு என்றே குறிப்பிடுகிறார்கள்.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது ஆனைமங்கலம் செப்பேடு. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர்கள் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். பெண் யானையை நடக்கவிட்டு எல்லை குறித்து, கல்லும் கள்ளியும் நட்டு, எந்த வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் என்பதுவரை எழுதி வைத்தார்கள். அந்த ஏடுகள் டச்சுக்காரர் கையில் கடல் கடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. அவற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வேதனைப்படுகிறோம். அதே வகைச் சொத்து தஞ்சையிலேயே தங்கியதற்கு, உள்ளூரில் ஒரு சங்கம் விழிப்போடு இருந்தது காரணம். இதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

சங்கம் மட்டும் போதாது, அதில் ஆள் வேண்டும். கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர் தி.வை. சதாசிவப் பண்டாரத்தார். திருப்புறம்பியத்துக்காரர். சோழர் வரலாற்றைத் தமிழில் எழுத வேண்டுமென்ற ஒரே எண்ணத்தோடு சுற்று வட்டாரத்துக் கோயில்களின் கல்வெட்டுகளை நேரில் வாசித்தார். 1930இல் முதற் குலோத்துங்கனைப் பற்றி நூல் எழுதினார்.  அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது அதற்கு அப்புறம், 1942இல்தான். ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ அங்கே சென்ற பிறகு வந்தது. திருச்சியில் கண் மருத்துவர் இரா. கலைக்கோவன் வரலாற்றாய்வு மையம் அமைத்து, கோயில் கோயிலாக அளந்து எழுதிக்கொண்டிருப்பதும் இந்த வழிதான். தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் ‘ஆவணம்’ இதழை வெளியிடுகிறது. புதிதாகக் கிடைத்த கல்வெட்டுகளை அதற்கு அனுப்புவோரில் பள்ளி ஆசிரியர்களும் ஆர்வலர்களும் நிறையப் பேர். ஆக, இந்த மரபு செத்துவிடவில்லை. சில தனிமனிதர்களின் பிடிவாதத்தில் உயிரோடு இருக்கிறது. ஊர்கள் அதற்குள் வரவில்லை.

ஊர் ஏன் வர வேண்டும்? ஆய்வாளருக்குத் தெரியாத ஒன்று ஊர்க்காரருக்குத் தெரியும் என்பதால். கல்வெட்டில் நிலம் வேலி, மா, காணி, குழி என்று வரும். பல்கலைக்கழக மாணவர் அதற்கு அடிக்குறிப்பைத் தேடுவார். திருவாரூர்ப் பக்கத்து விவசாயி இன்றைக்கும், “அஞ்சு மா நட்டிருக்கேன்” என்றுதான் சொல்கிறார். ஒரு மா ஏறத்தாழ முப்பத்துமூன்று சென்ட், இருபது மா ஒரு வேலி என்பது அவருக்குச் சிறு வயதுக் கணக்கு. கல்வெட்டு ஒரு வயலுக்குக் கிழக்கெல்லையாக ஒரு வாய்க்காலைச் சொன்னால், அந்த வாய்க்கால் இப்போது எங்கே தூர்ந்து கிடக்கிறது, யார் வீட்டுக் கொல்லையாக மாறியது என்று அவரால் காட்ட முடியும். எ. சுப்பராயலு 1973இல் சோழ நாட்டின் நாடுகளையும் கூற்றங்களையும் வரைபடத்தில் நிறுத்தியபோது கைகொடுத்தவை ஆயிரம் ஆண்டுகளாகப் பெரிதும் மாறாத ஊர்ப் பெயர்கள். வாய்க்கால் பெயரும், மடைப் பெயரும், வயல்கட்டளைப் பெயரும் அதைவிட நுட்பமான சான்றுகள். எந்த வரைபடத்திலும் அவை ஏறவில்லை. எழுபது வயதைத் தாண்டியவர்களின் வாயில் மட்டும் இருக்கின்றன.

ஓர் ஊரை எப்படிப் பதிவு செய்வது என்பதற்குப் பெரிய கோயில் கல்வெட்டே நல்ல பாடம். கோயிலுக்கு வரி செலுத்தும் ஊர்களைச் சொல்லும்போது, எதற்கெல்லாம் வரி கிடையாது என்று அது வரிசையாக எழுதுகிறது: குடியிருப்பு நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாளர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் பெயர் சொல்லி, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று குறித்து, ஆளுக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் என்று பங்கும் வகுக்கிறது. அரசனின் கல்லில் ஏறிய அந்தப் பெண்களின் முகவரி அளவுக்குக்கூட, நூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் நாற்று நட்ட பெண்கள் யாருடைய விவரமும் நம்மிடம் கிடையாது.

ஊர் வரலாறு என்றதும் ஒரு பயம் வரும், நியாயமான பயம்தான். அது சாதிப் பெருமை எழுதும் களமாக மாறிவிடாதா? மாறும், ஒரு தரப்புச் சான்றை மட்டும் சேர்த்தால். ராஜராஜனுக்கு உரிமை கொண்டாடும் சுவரொட்டிகளை ஒவ்வோர் ஐப்பசியிலும் பார்க்கிறோம். அதே ராஜராஜனின் கல்வெட்டில் தீண்டாச்சேரி என்ற சொல்லும் இருக்கிறது. அதையும் சேர்த்து உரக்க வாசிக்கிற கூட்டம்தான் வரலாற்றுக் கழகம். மயிலாடுதுறைக்கு அருகே கொறுக்கையில் 1429ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அதிகாரிகளும் நிலவுடைமையாளர்களும் சேர்ந்து வரியால் நெருக்கியதை எதிர்த்து, வலங்கை, இடங்கை என்ற இரு சாதிப் பிரிவினரும் ஒன்றுகூடி எடுத்த முடிவை அது சொல்கிறது. நொபொரு கரஷிமாவும் சுப்பராயலுவும் அதை ஆராய்ந்து எழுதியதால் அது உலகத்துக்குத் தெரியும். அந்தக் கல்லிலிருந்து 1952ஆம் ஆண்டின் தஞ்சை சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரைக்கும், அங்கிருந்து வெண்மணி வரைக்கும் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. டிசம்பர் 25 கூட்டத்துக்கு வருகிற இளைஞர்களுக்கு இந்தத் தொடர்ச்சியை யாராவது சொல்ல வேண்டாமா? 1968இல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பதுக்கு அருகில். அவர் வாங்கிய கூலி எத்தனை மரக்கால், எந்தக் களத்தில் அளந்து போட்டார்கள், யார் அளந்தார்கள் என்பதை அவர் வாயாலேயே பதிவு செய்ய நமக்கு இருக்கும் காலம் கொஞ்சம்.

ஸ்வீடனில் 1978இல் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட் என்ற எழுத்தாளர், ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் ஆலையின் வரலாற்றைத் தாங்களே எழுத வேண்டும் என்று வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டார்; நின்ற இடத்திலேயே தோண்டு என்பது அதன் தலைப்பு. சொந்த வேலையைப் பற்றித் தொழிலாளிக்குத் தெரிந்த அளவு வேறு எந்த நிபுணருக்கும் தெரியாது என்பது அவர் வாதம். ஊர் ஊராகக் குழுக்கள் கிளம்பின. நம் களத்துமேட்டுக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தும்.

பதிவு செய்ய வேண்டியவை கல்லிலும் நினைவிலும் மட்டும் இல்லை. 1980இல் கர்ணம், மணியம் பதவிகளைத் தமிழ்நாடு அரசு ஒழித்தது. சமூக நோக்கில் அது சரியான முடிவு. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு எழுதிய குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் தங்கிய பழைய நகல்கள், கிஸ்தி ரசீதுகள், குத்தகைச் சீட்டுகள், கைவரைபடங்கள் பற்றி அப்போது யாரும் கேட்கவில்லை. அவற்றில் எவ்வளவோ ஈரத்துக்கும் செல்லுக்கும் போயிருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் கூரைகளைப் பிடுங்கியபோது நனைந்தது நெல் மட்டும்தானா? பழைய தஞ்சை மாவட்டம் 1991, 1997, 2020 என்று பிரிந்து பிரிந்து நான்காகிவிட்டது. ஓர் ஊரின் பழைய பதிவைத் தேடுகிறவர் எந்த ஆட்சியர் அலுவலக வாசலில் நிற்பது என்பதே குழப்பம். பெட்டிகளைப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டாம். வீட்டுத் திண்ணையிலேயே கைபேசியில் படம் எடுத்து, எந்த ஊர், எந்த ஆண்டு என்று குறித்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கல்வெட்டுகளுக்கு வந்திருக்கும் ஆபத்து இன்னும் அவசரமானது. திருப்பணி என்ற பேரில் மணல் வீச்சு முறையில் கற்சுவரைச் சுத்தம் செய்தது பல இடங்களில் எழுத்தைத் தேய்த்திருக்கிறது. தரையை உயர்த்தி ஓடு பதித்ததில் அடிப்பகுதி எழுத்துகள் மண்ணுக்குள் போயின. சுண்ணாம்புக்கும் வண்ணத்துக்கும் கீழே மறைந்தவை தனி. தன் ஊர்க் கோயிலின் தென்சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்த ஊர், கொத்தனார் சாரம் கட்டும்போது வாயைத் திறந்து கேட்கும். தெரியாத ஊர் சுவர் பளிச்சென்று ஆனதில் மகிழ்ந்து போகும்.

மைப்படி எடுப்பதற்கும் மார்கழி கடைசியிலிருந்து மாசி வரைக்கும் தோதான காலம். கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டித் தூரிகையால் அடித்து, எழுத்துப் பள்ளத்தில் காகிதம் படிந்தபின் மை ஒற்ற வேண்டும். அடைமழையில் காகிதம் காயாது. சித்திரை வெயிலில் மை ஒற்றுவதற்குள் சுருண்டு கழன்றுவிடும். பயிற்சி பெற்றவர் மேற்பார்வை இதற்குக் கட்டாயம் வேண்டும். கோயில் நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். ஆர்வக் கோளாறில் சுண்ணக்கட்டியால் எழுத்தின் மேல் கோடு இழுப்பது உதவி இல்லை.

இதற்கு இடம் தேடி அலைய வேண்டாம். 1948இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் எல்லாப் பக்கமும் இருக்கின்றன; பல நூலகங்களில் வாசகர் வட்டமும் உண்டு. மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் மாதம் இரண்டு மாலை அங்கே கூடலாம். ஒரு மாலை அந்த ஊர்க் கல்வெட்டு வாசிப்பு. இன்னொரு மாலை ஒரு முதியவரின் பேச்சு. அவர் பழைய பண்ணையாளாகவும் இருக்கட்டும், நாற்றங்கால் பெண்ணாகவும் இருக்கட்டும், மதகு பார்த்த பாசனக் காவலராகவும் இருக்கட்டும், மிராசு வீட்டுப் பாட்டியாகவும் இருக்கட்டும். எல்லாரும் வர வேண்டும் என்பதால்தான் கூட்டம் அக்கிரகாரத்துத் திண்ணையிலோ எவர் வீட்டு மாடியிலோ நடக்காமல் பொது நூலகத்தில் நடக்க வேண்டும் என்கிறேன். பள்ளி மாணவர்கள் ஒலிப்பதிவு செய்வார்கள். அந்த விஷயத்தில் அவர்களுக்கு நாம் சொல்லித்தர ஒன்றும் இல்லை.

தஞ்சையில் 1981 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்வெட்டியல் படித்தவர்கள் இருக்கிறார்கள். சரசுவதி மகாலில் மராட்டியர் காலத்து மோடி எழுத்து ஆவணங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டும் இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறை 1887 முதல் ஆண்டறிக்கைகளில் ஊர்வாரியாகக் கல்வெட்டுச் சுருக்கம் வெளியிட்டு வருகிறது. மைசூரில் கிடந்த தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட்டது. அவை சென்னைக்கு வருவதோடு வேலை முடிவதில்லை, ஊருக்கு வர வேண்டும்.

ஆகவே கேட்பது ஒன்றுதான். டெல்டாவின் நான்கு மாவட்டங்களில் உள்ள ஒவ்வோர் ஊர்க் கல்வெட்டின் வாசகத்தையும், இன்றைய தமிழில் ஒரு பத்தி விளக்கத்தோடு, பெரிய எழுத்தில் அச்சிட்டு அந்தந்த ஊர் நூலகத்துக்குத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் தொல்லியல் துறையும் அனுப்பட்டும். வரும் மார்கழிக்குள் எல்லா ஊருக்கும் முடியாது. தாலுகாவுக்குப் பத்து ஊர் என்று தொடங்கலாம். சதய விழாவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கை இதற்குக் கேட்டால், ராஜராஜன் பேரைச் சொல்லி யாரும் மறுக்க முடியாது.